விரலைப் பிடித்து வைத்தாலும் திறக்காத போன்

2017 நவம்பரில் தோகாவிலிருந்து பாலித் தீவுக்குப் போன விமானம் ஒன்று வழியில் சென்னையில் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த கணவனின் விரலை எடுத்து வைத்து அவர் போனைத் திறந்த மனைவி, உள்ளே கண்டதற்காகப் போட்ட சண்டைதான் காரணம் என்று செய்தி வந்தது. சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். தூங்குகிறவரிடமிருந்து பின் நம்பரை எடுக்க முடியாது, விரலை எடுக்க முடிகிறது. விழித்திருப்பவரின் கையை முறுக்கியும் வைக்கலாம்.

கைரேகைதான் சாவி என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. போனில் உள்ள தகவல்கள் சங்கேதமாக்கப்பட்டே கிடக்கின்றன. அதை அவிழ்க்கும் சாவி, நாம் தட்டும் பின் நம்பரும் சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்து உருவாவது. ரேகையோ ஈரத்துக்கும் கோணத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறிப் பதியும். பழைய பதிவோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் போன் பார்க்கிறது. போனை ஆன் செய்ததும் விரலை ஏற்காமல் பின் நம்பர் கேட்பது இதனால்தான்.

பின் நம்பர் போட்டதும் சாவி கிடைத்துவிடும். அப்புறம் திரையைப் பூட்டினால், ஐபோனில் செக்யூர் என்க்ளேவ் என்ற தனிப் பகுதி அந்தச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ரேகை பொருந்தினால் எடுத்துக் கொடுக்கும். சரி, அந்தச் சாவியையே அது தூக்கி எறிந்துவிட்டால்? யார் விரலை வைத்தாலும் பயனில்லை.

எறிய வைப்பது சுலபம். ஐபோன் 8-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் பக்கவாட்டு பட்டனையும் ஏதாவதொரு வால்யூம் பட்டனையும் சேர்த்து ஓரிரு நொடி அழுத்துங்கள். லேசாக ஓர் அதிர்வு தெரியும், உடனே விட்டுவிடுங்கள். இன்னும் பிடித்திருந்தால் அவசர அழைப்பு போய்விடும். போனைப் பார்க்கக்கூட வேண்டாம், சட்டைப்பைக்குள்ளேயே செய்யலாம். ஆண்ட்ராய்டில் 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து பவர் மெனுவில் விரலை ஏற்காமல் பூட்டும் 'லாக்டவுன்' இருக்கிறது. சில போன்களில் அதை முதலில் செட்டிங்ஸில் இயக்க வேண்டும். ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் போனை அணைத்துவிடுங்கள். அதுதான் எல்லாவற்றிலும் வலுவானது.

விரல்ரேகை தருவது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்று நம் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு 1961-லேயே சொல்லிவிட்டது. அதனால் விரலுக்குச் சட்டம் தரும் காப்பு குறைவு என்றே நான் எண்ணுகிறேன். பத்திரிகையாளர்களும், வீட்டில் அடி வாங்கும் பெண்களும் இந்த இரண்டு நொடிப் பழக்கத்தைக் கட்டாயம் கைக்குப் பழக்க வேண்டும்.

விரல் வேலை செய்யாதபோது எல்லாப் பாரமும் பின் நம்பர் மீது விழும். பிறந்த வருடத்தை வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், குறைந்தது ஆறு இலக்கமாக.