சீட்டைக் கிழிக்கும் பயிர்

திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் உளுந்து போட்டவர்களிடம் மஞ்சள் தேமலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. முதலில் இளம் இலையில் மஞ்சள் புள்ளி விழும். சில வாரங்களில் புஞ்சையே மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் நிற்கும். காய் பிடிக்காது, பிடித்தாலும் சிறுத்துப்போகும். வெள்ளை ஈ சுமந்து வரும் வைரஸ் இது. ஈக்கு மருந்தடிக்கலாம், செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸுக்கு மருந்து கிடையாது.

அந்த வைரஸின் வாயைச் செடியே கட்டிப்போட வைக்க முடியுமா? மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலுத்தம்பியின் குழுவும் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வைரஸின் மரபணுத் தொகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, அதிலிருந்து இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகும்படி வடிவமைத்து, நோய் கண்ட உளுந்து நாற்றுகளுக்குள் செலுத்தினார்கள். பெரும்பாலான நாற்றுகள் தேறிவிட்டன.

செல்லுக்குள் நடப்பதை மளிகைக் கணக்கோடு ஒப்பிடலாம். வீட்டில் பெரிய நோட்டு இருக்கிறது, அதுதான் டி.என்.ஏ. அதைப் பார்த்து எழுதிய சீட்டு கடைக்குப் போகிறது; அது ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் கட்டிக்கொடுக்கும் சாமான்தான் புரதம். சீட்டு எப்போதும் ஒற்றைத் தாளாகத்தான் வரும். இரண்டு தாள் முகத்தோடு முகம் ஒட்டி வந்தால், அதாவது இரட்டை இழை ஆர்.என்.ஏ. வந்தால், செல்லுக்குச் சந்தேகம் தட்டிவிடும், ஏனென்றால் வைரஸ்கள் பெருகும்போதுதான் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஆர்.என்.ஏ. உண்டாகும். டைசர் என்ற நொதி அதைச் சுமார் 21 எழுத்துத் துணுக்குகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட் என்ற புரதம் ஒரு துணுக்கை மாதிரியாகக் கையில் வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் சீட்டையெல்லாம் தேடிக் கிழிக்கிறது. நோட்டை யாரும் தொடவில்லை. ஆனாலும் சாமான் வராது. 1998இல் புழுக்களில் இதைக் காட்டிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது.

மரபணு மாற்றிய பயிர்களின் பாதுகாப்பைச் சோதிப்பவர்களுக்கு இங்கேதான் தலைவலி. காய்ப்புழுவைக் கொல்ல ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்திய பி.டி. பருத்தியில் ஒரு புதுப் புரதம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து எலிக்கு ஊட்டலாம், ஒவ்வாமை தரும் புரதங்களின் பட்டியலோடு ஒப்பிடலாம், வயிற்று அமிலத்தில் கரைகிறதா என்று பார்க்கலாம். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தானே உண்டாக்கும்படி மாற்றிய பயிரிலோ, அந்த மாற்றத்தால் வரும் புதுப் புரதமே இல்லை. பழைய வலையில் சிக்க மீனே இல்லை என்றால், வலை சுத்தமாக வந்தது என்று பெருமைப்பட என்ன இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த 21 எழுத்து இன்னும் யார் யாருடைய சீட்டோடு பொருந்தும்?

முதலில் செடியின் சொந்தச் சீட்டுகள். கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் ஓரிரு எழுத்து பிசகினாலும் சில சமயம் ஆர்கோநாட் கிழித்துவிடும். அதனால் கணினி சொன்னால் போதாது, வயலில் வளர்த்து, விதையின் சத்தை அளந்தும் பார்க்க வேண்டும்.

அடுத்தது நாம். ஒவ்வொரு இட்லியிலும் ஆர்.என்.ஏ. இருக்கிறது, எச்சிலிலும் குடலிலும் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. 2012இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழகக் குழு, அரிசியின் குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று மனித ரத்தத்தில் தென்பட்டதாகச் சொன்னபோது பெரிய பரபரப்பு. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் எலிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த விளைவு கிடைக்கவில்லை. என் கணிப்பில் உணவுப் பக்கம் பயம் குறைவு.

எனக்குக் கவலை பூச்சிகளைப் பற்றித்தான். 2017இல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மக்காச்சோளம், வேர்களைத் தின்னும் வண்டுப்புழுவின் ஸ்னெஃப்7 என்ற மரபணுவை அடக்கிக் கொல்கிறது. அந்த ஆர்.என்.ஏ.வின் நீளம் 240 எழுத்து. பொறிவண்டு, தேனீ முதலியவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கெடுதல் தெரியவில்லை; அந்த வண்டின் நெருங்கிய சொந்தங்கள் மட்டுமே பாதிக்கப்பட்டன. மண்ணில் இரண்டு நாளில் அழிந்துவிடுகிறது. நல்ல செய்திதான். ஆனால் நம் புஞ்சையில் திரியும் பூச்சிகளில் எத்தனைக்கு முழு மரபணு வரிசை படித்து வைத்திருக்கிறோம்? நோட்டே கையில் இல்லாமல் சீட்டை எப்படி ஒப்பிடுவது?

இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள்தான் இதற்கும் பொருந்தும். ஆய்வு நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு, பிறகு உயிரித் தொழில்நுட்பத் துறையின் மறுஆய்வுக் குழு, கடைசியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. வயலில் சோதிக்க மாநில அரசின் தடையில்லாச் சான்றும் வேண்டும். பி.டி. கத்தரிக்காய் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது, பி.டி. பருத்தி மட்டுமே விவசாயிகளிடம் பரவலாகப் போய்ச் சேர்ந்தது.

உளுந்து வைரஸின் பங்காளி ஒன்று பிரேசிலில் பீன்ஸை மஞ்சளாக்குகிறது. அதையும் பரப்புவது வெள்ளை ஈதான். அங்கே எம்ப்ரபா என்ற அரசு ஆய்வு நிறுவனம் இதே வாய்க்கட்டு முறையில் உருவாக்கிய பீன்ஸுக்கு 2011இல் அனுமதி கிடைத்தது. நம் பக்கம் தேமல் தாங்கும் வம்பன் ரக விதையை வாங்கிப் போடுகிறார்கள். வரப்போரம் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுகிறார்கள். மஞ்சளான செடியைக் கண்டதும் பிடுங்கி எறிகிறார்கள்.