பாடம் நடந்தது சரி, புரிந்ததா?

தொண்டியிலோ கீழக்கரையிலோ ஒரு கல்லூரி இயற்பியல் வகுப்பில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கடலில் மிதக்கும் வள்ளத்தை அப்படியே ஊருணியில் விட்டால், அதன் மீதுள்ள மிதப்பு விசை, அதாவது தண்ணீர் அதை மேலே தள்ளும் விசை, கூடுமா, குறையுமா, மாறாதா? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவரும் "குறையும்" என்று சொல்லிவிடக்கூடும். உண்மையில் மாறாது. மிதக்கும் பொருளின் மீதுள்ள மிதப்பு விசை அதன் எடைக்குச் சமம். கடல்நீர் கன மீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ, நல்ல தண்ணீர் 1,000. அதனால் வள்ளம் கொஞ்சம் கூடுதலாக அமிழ்ந்து சரிக்கட்டிக்கொள்ளும்.

ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் வகுத்த முறை இத்தகைய கேள்விகளையே நம்பி நிற்கிறது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக விடை தேர்வார்கள். பாதிப் பேர் அளவுக்குச் சரியாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுவார் ஆசிரியர். "வள்ளம் தாழுதுதான், ஆனா பாரம் அதேதானடா?" என்று ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை கேட்கும் இடத்தில் பாடம் பிடிபடுகிறது. பிறகு மறுபடி விடை, அதன் பின்பே விளக்கம்.

இது பலன் தருகிறதா என்பதை எப்படி அளப்பது? இறுதித் தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு எப்படி நடத்தினாலும் மேலே நிற்கும். எனவே பாடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்வித்தாள். முன்பு சராசரி நூற்றுக்கு 40, பின்பு 70 என்றால், ஏற வேண்டிய 60-இல் 30 ஏறியிருக்கிறது: 0.5. முன்பு 70, பின்பு 85 என்றாலும் அதே 0.5. தொடக்கம் வேறானாலும் இரு வகுப்புகளையும் ஒப்பிடலாம்.

இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998-இல் அமெரிக்காவின் 62 இயற்பியல் வகுப்புகளை, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை, இந்தக் கணக்கில் பார்த்தார். வெறும் விரிவுரை வகுப்புகளுக்குச் சராசரி 0.23. மாணவர் பேசிச் செய்து படித்த வகுப்புகளுக்கு 0.48. இரு மடங்குக்கு மேல்!

பருவ இறுதியில் மாணவரிடம் வாங்கும் கருத்துப் படிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இப்படித் தாங்களே பேசிச் செய்து படித்த செயல்வழி வகுப்பு மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். யோசித்துத் திணறுவதைப் புரியாமை என்றும், சரளமான விரிவுரையைக் கேட்பதைப் புரிதல் என்றும் மனம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே புதிய முறையைத் தொடங்கும் ஆசிரியர் முதல் வாரத்திலேயே மாணவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.