நிலவேம்பின் கசப்பு வெள்ளையணுவை எப்படிக் காக்கிறது?

மழை பிடித்ததும் மதுரையில் நிலவேம்புக் குடிநீர் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். "இது எதிர்ப்பணுக்களைக் காக்கும் என்கிறார்களே, எப்படி?" என்று திருமங்கலத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்.

எதிர்ப்பணு என்பது ரத்த வெள்ளையணுதான். அதற்கு அதன் சொந்த ஆயுதமே ஆபத்து. கிருமியை விழுங்கிய நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ஆக்சிஜனிலிருந்து சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம் என்று வரிசையாகத் தயாரிக்கிறது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்தால் வரும் அதே அமிலம்தான். கசிந்தால் தன் சவ்வும் பக்கத்திலுள்ள லிம்போசைட் என்ற வேறு வகை வெள்ளையணுவும் கெடும்.

மூலிகை இந்த நச்சை நேராகத் துடைத்துவிடும் என்பது வழக்கமான விளக்கம். கணக்கு உதைக்கிறது. இந்த நச்சைத் துடைக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் உயிரணுவுக்குள் மில்லிமோலார் அளவில், அதாவது ஏராளமாக, ஏற்கெனவே இருக்கிறது. குடிநீரிலிருந்து ரத்தத்தில் சேர்வதோ அதில் துளி.

வேலை நடப்பது வேறு இடத்தில். என்.ஆர்.எஃப்-2 என்ற புரதத்தை உயிரணு ஓயாமல் செய்கிறது. கீப்-1 என்ற இன்னொன்று அதைப் பிடித்து ஓயாமல் அழிவுக்கு அனுப்புகிறது. என்.ஆர்.எஃப்-2இன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம், சுமார் 20 நிமிடம்தான். பார்த்தால் வெட்டிச் செலவு. ஆனால் கீப்-1இல் கந்தகம் தாங்கிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இருக்கின்றன. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு போன்ற மூலக்கூறுகள் அப்படிப்பட்ட கந்தகத்தைக் கவ்வக்கூடியவை. கவ்வினால் அழிக்கும் வேலை நிற்கும். புரதத்தைப் புதிதாகத் தயாரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. வந்துகொண்டிருப்பது அப்படியே தேங்கி உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் செய்யும் நொதி, ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற காப்பு நொதி ஆகியவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடும். செய்துகொண்டே அழிப்பதால் கிடைக்கும் வேகம் இது. எத்தனை அழகான ஏற்பாடு!

அளவு மீறினால் அதே கவ்வல் குளுட்டாதயோனையே தின்று உயிரணுவைக் கொல்லும். இவையெல்லாம் பெரும்பாலும் வளர்ப்புத் தட்டிலும் எலியிலும் கண்டவை. நச்சைத் துடைக்கும் திறனைச் சோதனைக் குழாயில் பார்க்கும் டி.பி.பி.எச். சோதனையில் ஊதா நிறம் வெளுத்ததை மட்டும் வைத்து கட்டுரை எழுதும் ஆய்வுகளுக்குப் போகும் பணத்தை, குடித்தவர் ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று அளக்கச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காய்ச்சும்போது, 5 கிராம் கரகரப்பான பொடிக்கு 200 மில்லி தண்ணீர். சிறு தீயில் 50 மில்லியாக வற்ற வேண்டும். ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் எளிதில் கரையாது. தீயைக் கூட்டினால் சாறு இறங்குமுன் தண்ணீர் வற்றிவிடும். வடிகட்டி அன்றே குடித்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வரும்: வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் டம்ளரை வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.