மணி பதினொன்று பத்து

மறதிநோய் இருக்குமோ என்று பார்க்க, மருத்துவர்கள் வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, ஒரு கடிகாரம் வரைந்து அதில் மணி பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள். பெரிய முள் 2-ல் நிற்க வேண்டும். மறதிநோய் தொடங்கிய சிலர் அதை நேராக 10-க்கு இழுத்துவிடுவார்கள். காதில் விழுந்த ‘பத்து’ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது, அதை நிமிடமாக மாற்றும் வேலை மூளையில் நடக்கவில்லை.

இதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் எல்லாமே இப்படித் தடுமாற வைக்கும், இவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். அதனால்தான் ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டிலேயே தீர்ப்பு சொல்லிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, மறதிநோய்களில் ஒன்றான அல்சைமர் என்றால் என்ன? 1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் மருத்துவமனைக்கு ஆகுஸ்தே டேட்டர் என்ற 51 வயதுப் பெண் வந்தார். பெயர் கேட்டால் ‘ஆகுஸ்தே’ என்றார், கணவர் பெயர் கேட்டாலும் ‘ஆகுஸ்தே’தான். 1906-ல் அவர் இறந்தபின் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிவுகள், உள்ளே சிக்கல் விழுந்த நூல்போல இழைகள். படிவு அமிலாய்டு புரதம், இழை டௌ புரதம் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அமிலாய்டு படியத் தொடங்குவது மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் முன்பே.

முன்பெல்லாம் அதை உயிரோடு இருப்பவரிடம் பார்க்க மூளையின் படிவைப் படமாகக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். 2025 மே மாதம் அமெரிக்காவில் முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. ரத்தத்தில் கசியும் ஒருவகை டௌ புரதத்துக்கும் அமிலாய்டுக்கும் உள்ள விகிதத்தை அது அளக்கிறது.

மருந்தும் வந்திருக்கிறது. லெகனெமாப் என்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் எதிர்ப்புப் புரதம், அமிலாய்டைப் பிடித்து அகற்றும். தொடக்கநிலையில் இருந்த சுமார் 1,800 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் நோய் முற்றத்தான் செய்தது, ஆனால் பெறாதவர்களைவிட 27 சதவீதம் மெதுவாக. நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அது அரைப்புள்ளிக்கும் குறைவான வித்தியாசம்! மூளையில் வீக்கமோ நுண்ணிய ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். போன நினைவை இது திருப்பித் தராது, நோய் முற்றியவர்களுக்கு இதைக் கொடுப்பதும் இல்லை.

அப்புறம் ஒன்று, மருத்துவரிடம் போகும்போது கூட இருப்பவர் போயே ஆக வேண்டும். எந்த மாதத்திலிருந்து சில்லறை எண்ணத் தடுமாறுகிறார், எந்தத் தெருவில் வழி தவறினார் என்பதை எழுதி எடுத்துப்போங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் சேர்த்து.