வெள்ளிக்களி: ‘சில்வர் கிளே’ என்பதற்கு என்ன தமிழ்?

“சில்வர்ல நகையா? அதை யாருடி போடுவாங்க?” என்று கேட்டார் அம்மா.

தருமபுரியில் எங்கள் வீட்டில் சில்வர் என்றால் தட்டு, டம்ளர், குடம், தூக்குப்போசி. எவர்சில்வர் என்று முழுசாகச் சொல்லப் பொறுமையில்லாமல் ‘எவர்’ உதிர்ந்து, வெறும் சில்வர் மிஞ்சிவிட்டது. கல்யாணச் சீர் பட்டியலில் ‘சில்வர் சாமான்’ என்று எழுதியிருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. உண்மையிலேயே வெள்ளி வைத்தால் ‘வெள்ளிச் சாமான்’ என்று தனி வரியில், கொஞ்சம் பெருமையோடு எழுதுவார்கள். ஓசூரில் சில்வர் கிளே நகை வகுப்புக்குப் போகிறேன் என்றதும், டம்ளரை உருக்கித் தோடு செய்யப்போகிறாள் என்று அம்மா நினைத்ததில் வியப்பில்லை. இதோடு ஜெர்மன் சில்வர் வேறு இருக்கிறது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. வெள்ளி ஒரு குன்றிமணி கூடக் கிடையாது. தமிழ்நாட்டில் சில்வர் என்ற சொல் எங்கெல்லாம் புழங்குகிறதோ, அங்கெல்லாம் பெரும்பாலும் வெள்ளி இருப்பதில்லை.

சரி, ‘வெள்ளிக் களிமண்’ என்று மாற்றிச் சொல்லலாமா? சொல்லலாம், சிலர் சொல்கிறார்கள். ஆனால் அதில் மண்ணே இல்லை. இந்தச் சொல் என்னை ஒரு மாதமாகப் பிடித்து ஆட்டுவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். மிக நுண்ணிய வெள்ளித்தூள், அதை ஒட்டவைக்கச் செல்லுலோஸ் போன்ற தாவரப் பசை, கொஞ்சம் தண்ணீர். இந்த மூன்றையும் சேர்த்துப் பிசைந்தது அது. பொட்டலத்தைப் பிரித்தால் சாம்பல் வெள்ளையில், சப்பாத்தி மாவின் பதத்தில் ஓர் உருண்டை இருக்கும். கையால் உருட்டி, தட்டி, வெட்டி, காயவைத்துச் சுட்டால் தண்ணீர் முன்பே ஆவியாகியிருக்கும், பசை எரிந்து போகும், வெள்ளித்தூள்கள் உருகாமலே ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டிப்படும். மிஞ்சுவது 99.9 விழுக்காடு தூய வெள்ளி. ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் மசாகி மொரிகாவா 1990இல் இதை உருவாக்கினார். பிறகு ஐடா கெமிக்கல் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனமும் தன் வகையைக் கொண்டுவந்தது. ஓசூர் வகுப்பில் எங்களுக்குக் கிடைத்தது அப்படி இறக்குமதியான ஒரு சிறு பொட்டலம். விலையைக் கேட்டதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிசைந்தோம்.

ஜப்பானியர்கள் இதற்கு வைத்த பெயர் ‘கின் நெந்தோ’ (gin nendo). கின் என்றால் வெள்ளி. நெந்தோ என்பது களிமண். அந்தச் சொல்லையே பிரித்தால் ‘ஒட்டும் தன்மை’, ‘மண்’ என்ற இரண்டு எழுத்துகள் வரும். ஆங்கிலத்தின் ‘கிளே’யும் வேர்வழியில் ஒட்டுவதைக் குறித்த சொல்தான், பசைக்கு அவர்கள் சொல்லும் ‘குளூ’ அதற்கு உறவு. ஆக, ஜப்பானியப் பெயரில் மண் இருந்தாலும் முன்னால் நிற்பது ஒட்டு. ஆங்கிலப் பெயரில் மண் பின்னால் வந்து சேர்ந்த பொருள், வேர் ஒட்டு.

இப்போது நம்முடையது. களிமண் என்பது களி + மண். மண்ணைத் தனியே கழற்ற முடிகிறது, பாருங்கள். கழற்றினால் கையில் நிற்பது களி: குழைந்து, இறுகி, ஒட்டும் பதத்தில் இருப்பது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. ராகிக் களி இல்லாத வீடு எங்கள் பக்கம் அபூர்வம். கொதிக்கும் உலையில் நொய் வெந்ததும் ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டிக் கீரைக் கடைசலோடு வைப்பார்கள். ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசும் வீடுகளில் அதே உருண்டைக்கு முத்தே என்று பெயர். மண்ணும் கிடையாது, குயவரும் கிடையாது, ஆனாலும் அது களி. ஏனென்றால் தமிழில் களி என்பது பதத்தின் பெயர். எதனால் ஆனது என்பதை முன்னாலோ பின்னாலோ ஒரு சொல் வந்து சொல்லும். ராகியால் ஆனால் ராகிக் களி, உளுந்தால் ஆனால் உளுத்தங்களி, மண்ணால் ஆனால் களிமண். வெள்ளியால் ஆனால்?

வெள்ளிக்களி. அவ்வளவுதான். இலக்கணமும் இடறவில்லை. வெள்ளியால் ஆகிய களி என்று விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வெள்ளிக் கொலுசில் க் மிகுவதுபோல இங்கும் மிகும்.

களிக்கு வேறு பொருள்களும் உண்டு, மறைக்க வேண்டாம். களிப்பு, களியாட்டம் என்று மகிழ்ச்சி. அதற்குள்ளேயே கள் குடித்த மயக்கமும் ஒளிந்திருக்கிறது: ‘களித்தானைக் காரணம் காட்டுதல்’ என்று திருக்குறள் (929) சொல்லும்போது அங்கே களித்தவன் குடித்தவன். ‘களி திங்கப் போறியா’ என்றால் சிறைக்கு. வகுப்பில் நான் இந்தச் சொல்லை முதன்முதலாகச் சொன்னபோது எதிரில் இருந்த ஒரு பெண், “எத்தனை வருஷம்?” என்று கேட்டார்.

வெள்ளிக்கும் ஒரு வரி. வெள் என்றால் வெண்மை. வெள்ளை, வெளுப்பு எல்லாம் அந்தக் குடும்பம். பழந்தமிழில் பொன் என்பது உலோகத்துக்கே பொதுப்பெயராக இருந்ததால் வெள்ளியை வெண்பொன் என்றும் இரும்பைக் கரும்பொன் என்றும் சொன்னார்கள். ஐம்பொன் சிலை என்கிறோமே, அதில் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது.

இனி கைவேலைக்கு வருகிறேன். எனக்குக் கைவினைப் பொருள் என்றால் கொஞ்சம் பைத்தியம். கொட்டாங்குச்சி மோதிரம், பாக்குமட்டைத் தோடு, உடைந்த பீங்கான் தட்டின் சில்லுகளைக் கோத்த மாலை, சிட்டிலிங்கிப் பக்கத்து லம்பாடிப் பெண்கள் கையால் பூத்தையல் போட்ட பை என்று வாங்கிக் குவித்து, பாதியைப் போடாமலே அலமாரியில் அடுக்கியிருக்கிறேன். கை, வினை இரண்டும் சேர்ந்த அந்தச் சொல்லில் நான் இதுவரை வைத்திருந்தது பணப்பையை மட்டும்தான். வினை இந்த வகுப்பில்தான் தொடங்கியது.

களி உருட்டக் கையைத் தண்ணீரில் நனைப்போம். பழக்கதோஷத்தில் இங்கேயும் நனைத்தேன். மேற்பரப்பு வழுவழுவென்று சேறாகிவிட்டது. வெள்ளிக்களிக்கு உள்ளங்கையில் எண்ணெய், அதுவும் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு. உருண்டையின் இரு பக்கமும் சீட்டுக்கட்டிலிருந்து நான்கு நான்கு சீட்டு அடுக்கி, மேலே சின்னக் குழவியை உருட்டினால் தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக வரும். அந்தத் தகட்டின்மேல் ஒரு மாந்துளிரின் அடிப்பக்கத்தை வைத்து அழுத்தினேன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு எந்த இலையைத் தேடுவது? நரம்பெல்லாம் அப்படியே பதிந்தது. மாங்காய் வடிவில் வெட்டி, சங்கிலி கோக்கக் குளிர்பான உறிஞ்சுகுழலால் மேலே ஓர் ஓட்டை குத்தினேன்.

அதற்குள் மாடிக் காற்றுக்கு ஓரம் காய்ந்து வெடித்துவிட்டது. இதுவும் களிமண் புத்திதான். விரிசலில் அடைக்க, அதே பொருளைத் தண்ணீர் விட்டு இளக்கி, தூரிகையால் தொட்டுப் பூச வேண்டும். ஆசிரியை இதைப் ‘பேஸ்ட்’ என்றார். எனக்கு உடனே கூழ் ஞாபகம் வந்தது. அதே ராகி மாவு இறுகினால் களி, இளகினால் கூழ். ஆகவே பூசுவதற்கான இளகிய வகைக்கு வெள்ளிக் கூழ். ஊசிக்குழலில் அடைத்து மருதாணிக் கூம்புபோல இழை இழுக்கும் வகை ஒன்றும் இருக்கிறது. அதை வெள்ளி இழை என்றால் சரிகைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், இழைக்களி எனலாம். ‘வெள்ளிச் சாந்து’ என்று ஒருவர் சொன்னார். நல்ல சொல், ஆனால் சாந்து என்றதும் நமக்குப் பொட்டும் கொத்தனாரும்தான் வருகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை: அலுமினியத் தட்டிலோ தாளிலோ இதை வைக்காதீர்கள். வெள்ளிக்களி அலுமினியத்தோடு வினைபுரிந்து கெட்டுவிடும்.

காய்ந்த துண்டை உப்புத்தாளால் தேய்க்கும்போது உதிரும் தூளைக்கூட வீணாக்கக் கூடாது. தண்ணீர் சேர்த்தால் மறுபடி களியாகும். நகைப் பட்டறையைப் பெருக்கிய மண்ணை விலைக்கு வாங்கி அரித்துப் பொன் எடுப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கண் எனக்கும் வந்துவிட்டது. மேசை விளிம்பிலிருந்தெல்லாம் வழித்தேன்.

சுடுவதற்குச் சூளை இருந்தால் 650 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைப்பது ஒரு வழக்கமான கணக்கு. எங்களிடம் இருந்தது கையில் பிடிக்கும் கேஸ் விளக்கு. செங்கல் மேல் துண்டை வைத்துத் தீயைக் காட்டியதும் முதலில் புகை, அப்புறம் பசை எரியும் சின்னச் சுடர். அது அடங்கியபின் துண்டு முழுதும் இளஞ்செம்மையாகக் கனியும். அந்த நிறத்தை இரண்டு நிமிடம் போல அப்படியே பிடித்து வைக்க வேண்டும். மேலே பாதரசம்போல மினுங்கினால் தீயை விலக்கிவிட வேண்டும். வெள்ளி 961 டிகிரியில் உருகும், மாங்காய் சொட்டாகிவிடும். என் பக்கத்தில் இருந்தவருடையது அப்படித்தான் சொட்டாயிற்று.

ஆறியதும் பார்த்தால் திருநீறு பூசியதுபோல ஒரே வெள்ளை. ஏமாற்றமாக இருந்தது. பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க அந்த வெண்மைக்கு அடியிலிருந்து வெள்ளி எழுந்து வந்தது. 30 மில்லிமீட்டர் இருந்த என் மாங்காய் 27 ஆகியிருந்தது. தண்ணீரும் பசையும் விட்டுப்போன இடத்தைத் தூள்கள் நெருங்கி நிரப்புவதால் இது சுருங்கும். இப்போதைய வகைகள் 8 முதல் 12 விழுக்காடு வரை. தொடக்கக் காலத்தில் வந்தது கால் பங்குக்கும் மேல் சுருங்கியது. மோதிரம் செய்பவர்கள் விரல் அளவைவிடப் பெரிதாகச் செய்வது இதனால்தான்.

அதை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்யும் ஆசாரியிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“என்னம்மா இது, ஊத்துனதா, தட்டுனதா?”

“ரெண்டும் இல்லீங்க ஐயா. பிசைஞ்சது.”

சிரித்தார். உரைகல்லில் ஓரத்தை உரசி, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. “கட்டி வெள்ளிதான். கலப்பே இல்ல.” கொலுசு வெள்ளியின் தூய்மைக்கு அவர்கள் டச் என்று கணக்குச் சொல்வார்கள், எண்பது டச், தொண்ணூற்றிரண்டரை டச் என்று. பழைய தமிழில் அதற்கு மாற்று என்று பெயர். பிறகு நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். “ஆனா கொலுசு, வளையல் எல்லாம் இதுல வேணாம்மா. நிக்காது.”

அது உண்மை. தூய வெள்ளி இயல்பிலேயே மென்மை. அதோடு, தூள் ஒட்டி உருவான உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அடித்து நீட்டிய தகட்டின் உறுதி வராது. பதக்கம், தோடு, மூக்குத்திப் பூ, இவற்றுக்குச் சரி. காலில் கிடந்து அடிபடுவதற்குச் சேலத்துப் பட்டறைக் கொலுசுதான்.

இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவரையே கேட்டேன். “மாவு வெள்ளின்னு சொல்லேன்” என்றார், யோசிக்காமல். பட்டறைக்காரர் காதுக்கு அது பொருந்தும். கட்டி வெள்ளி, கம்பி வெள்ளி, தகட்டு வெள்ளி என்ற வரிசையில் மாவு வெள்ளியும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மாவு காய்ந்த பொடிக்கும் பெயர், பிசைந்ததற்கும் பெயர். பொடியாக விற்று நாமே தண்ணீர் சேர்த்துப் பிசையும் வகையும் உண்டு என்பதால் அந்தப் பொடிக்கு மாவு வெள்ளி என்பதை வைத்துக்கொண்டேன். பிசைந்த உருண்டைக்கு என் ஓட்டு வெள்ளிக்களிக்கே. சுட்டு முடிந்தபின் இந்தப் பெயர்கள் எதுவும் வேண்டாம். களி போய்விட்டது, அது வெறும் வெள்ளி. ‘சில்வர் கிளே நகை’ என்று விற்பதைவிட ‘வெள்ளிக்களியில் செய்த வெள்ளி நகை’ என்று எழுதினால் வாங்குபவருக்குக் குழப்பம் இருக்காது.

சொல்லில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. அதைக் கண்டுபிடித்ததும் அம்மாதான். மிச்சம் இருந்த உருண்டையை மெல்லிய தாளில் சுற்றி, ஈரத்துணியோடு டப்பாவில் அடைத்து, மேலே ‘வெள்ளிக்களி’ என்று எழுதிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். தயிர் எடுக்கப் போனவர் டப்பாவோடு திரும்பி வந்தார்.

“வெள்ளிக்கிழமை கிண்டின களியாடி இது? இன்னிக்கு செவ்வாய், இன்னும் ஏன் வச்சிருக்கே?”