கடைசித் தெருக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

ஊராட்சிகளுக்கு ஆய்வுக்குப் போகும்போது, "எங்க ஊர் தண்ணி டெஸ்ட்ல பாஸ் சார்" என்று ஒரு தாளை எடுத்து நீட்டுவார்கள். பெரும்பாலும் அது ஆழ்துளைக் கிணற்றடியில் பிடித்த மாதிரியின் முடிவு, பல மாதம் பழையது. ஊர் குடிப்பதோ, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறி, தெருவெல்லாம் சுற்றி, கடைசி வீட்டுக் குடத்தில் விழும் தண்ணீர். நான் பார்த்த வரையில் சிற்றூர்த் தண்ணீர் கெடுவது அதிகமும் இந்த வழியில்தான்.

காரணம், நம் ஊர்களில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. காலையில் ஒரு மணி நேரம் திறந்துவிட்டு அடைத்துவிடுவார்கள். அடைத்ததும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும். எங்காவது விரிசலோ, சரியாக ஒட்டாத இணைப்போ இருந்து, அதையொட்டிச் சாக்கடை ஓடினால், வெளியே நிற்கும் கழிவுநீர் உள்ளே கசியும். மறுநாள் திறந்ததும் அதுவே முதல் குடத்தில் வரும். வீட்டு இணைப்பில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இது இன்னும் மோசமாகும். அழுத்தம் போதாத தெருக்களில் பள்ளம் தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். மழை பெய்தால் அந்தக் குழாயின் வாய் அழுக்குத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது இந்தக் குழிகளைத்தான்.

இத்தனையையும் தாண்டித் தண்ணீரைக் காப்பது அதில் மிச்சமிருக்கும் குளோரின். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, குளோரின் கலந்து தரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது. தொட்டியடியில் 0.5 இருந்து, கடைசித் தெருவில் ஒன்றுமே இல்லையென்றால், இடையில் ஏதோ ஒன்று அதைத் தின்றிருக்கிறது. சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டு, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் குளோரோஸ்கோப் போதும். ஐந்து நிமிட வேலை. கிருமிப் பரிசோதனைக்கு ஒரு நாளாவது ஆகும். அதற்குள் ஊரே குடித்து முடித்திருக்கும்.

குளோரினுக்காகத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரிலும் கவனம் வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் போடுகிறோம் என்று வையுங்கள். புதுப் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிகிராம் கிடைக்கும். வாய் திறந்த மூட்டையில், ஈரமான மோட்டார் அறையில் கிடந்து அது 15 சதவீதத்துக்கு இறங்கினால், அதே 120 கிராமில் 0.6தான். பதிவேட்டில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே ஊற்ற வேண்டும். பிறகு அரை மணி நேரமாவது காத்திருந்துதான் திறக்க வேண்டும்.

"மருந்து வாடை அடிக்குது" என்று யாராவது சண்டைக்கு வந்தால், தொட்டி ஆபரேட்டர் மறுநாள் அளவைக் குறைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொற்பச் சம்பளத்தில் ஊரின் உயிரை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு குளோரோஸ்கோப்பும் ஒரு நாள் பயிற்சியும் தராமல் விடுவது நம் தவறு.

கனடாவின் வாக்கர்டன் சிறு நகரில் 2000 மே மாதம் பெருமழையில் மாட்டுச்சாணக் கிருமி ஆழமில்லாத கிணற்றில் இறங்கியது. ஊழியர்கள் தினமும் குளோரினை அளக்காமலேயே பதிவேட்டில் அளவு எழுதிவந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். 2,300 பேர் அளவில் நோயுற்றார்கள். வசதி மிகுந்த நாட்டிலேயே இப்படி நடந்தது.

ஒன்று மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது: குளோரின் கிருமிக்குத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் ஃபுளோரைடு, உர நிலங்களை ஒட்டிய கிணறுகளின் நைட்ரேட் இரண்டும் குளோரினுக்கும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனையும் மாற்று நீராதாரமும்தான் வழி.

உங்கள் ஊரில் நாளைக் காலை தண்ணீர் விடும் நேரத்தில், தொட்டிக்கு மிகத் தொலைவான குழாயில் குளோரினைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் குளோரின் இல்லையென்றால் முதலில் தொட்டியடியில் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் கோளாறு பவுடரிலோ, போடும் முறையிலோதான். அங்கே இருந்தால், ஆபரேட்டரையும் வார்டு உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு குழாய் போகும் வழியெல்லாம் நடந்து, சாக்கடையைக் கடக்கும் இடங்களையும் குழிக் குழாய்களையும் பாருங்கள். சரிசெய்து முடியும்வரை அந்தத் தெருக்காரர்கள் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கட்டும்.