மே மாதப் பாலும் கோளத்தன்மையும்

பாலக்கோடு பக்கம் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வெயில் ஏற ஏற கறவை இறங்கும். இதைக் கணக்கில் காட்ட, பத்து மாடுகளின் பாலை பிப்ரவரி முதல் மே வரை மாதம் ஒருமுறை அளப்பதாக வைத்துக்கொள்வோம். (கன்று ஈன்று மாதம் போகப் போக கறவை தானாகவும் வற்றும். அந்தப் பழியும் வெயில் மேல்தான் விழும், அதை இங்கே விட்டுவிடுவோம்.) பல சராசரிகளுக்கு இடையே நிஜமாகவே வித்தியாசம் உண்டா என்று பார்க்கும் கணக்குக்கு அனோவா என்று பெயர். ஒரே மாடுகளைத் திரும்பத் திரும்ப அளப்பதற்கென்று தனி அனோவா உண்டு. அது கேட்கும் நிபந்தனைதான் கோளத்தன்மை.

பெயர்தான் மிரட்டும். எந்த இரண்டு மாதப் பாலைக் கழித்துப் பார்த்தாலும், அந்த வித்தியாசம் மாட்டுக்கு மாடு சிதறும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு மாதங்களுக்கு ஆறு ஜோடி.

மூன்று மாடுகளை மட்டும் பாருங்கள். பிப்ரவரியைவிட மார்ச்சில் பால் 0.2, 0.3, 0.4 லிட்டர் இறங்கியது. மே வருவதற்குள் நாட்டு இனமான ஆலம்பாடி மாட்டுக்கு 0.5, கலப்பின ஜெர்சிக்கு 2, தகரக் கொட்டகையில் கட்டிய இன்னொரு ஜெர்சிக்கு 3.5. சிதறலை அளக்கப் பள்ளிக்கூடத்தில் போட்ட அதே விலக்க வர்க்கச் சராசரியை இரண்டுக்கும் போட்டால், பின்னது முன்னதைவிட 225 மடங்கு! காலவாரியாக அளப்பதில் இது அடிக்கடி நடக்கும். அடுத்தடுத்த மாதங்கள் ஒட்டிப் போகும், தூரத்து மாதங்கள் விலகும். அப்புறம் அனோவா, இல்லாத வித்தியாசத்தையும் இருப்பதாகச் சொல்ல ஆரம்பிக்கும்.

இதைப் பிடிக்க மென்பொருள்கள் தருவது மாக்லி சோதனை, 1940-இல் வந்தது. எனியாக் கணினியை எக்கர்ட்டோடு உருவாக்கிய அதே ஜான் மாக்லிதான். ஆனால் பத்து மாடுகளை வைத்துக்கொண்டு அந்தச் சோதனை 'பழுதில்லை' என்றால் நான் நம்ப மாட்டேன். எண்ணிக்கை குறைந்தால் பெரிய மீறலும் அதன் கண்ணில் படாது, கூடினால் அற்ப மீறலுக்கும் கத்தும். ஆறு ஜோடிகளின் சிதறலை நாமே போட்டுப் பார்ப்பது மேல்.

சரி, மீறியிருந்தால்? 1959-இல் கிரீன்ஹவுஸும் கெய்சரும் சொன்ன எப்சிலான் இருக்கிறது, மீறல் எவ்வளவு என்று காட்டும் திருத்த எண். மீறல் இல்லையென்றால் 1, நான்கு மாதங்களுக்கு அது 1/3-க்குக் கீழே போகாது. அனோவாவின் வரம்பைத் தீர்மானிக்கும் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்ற இரண்டு எண்களை இதனால் பெருக்க வேண்டும். நம் கணக்கில் அவை 3, 27. எப்சிலான் 0.6 என்றால் அவை 1.8, 16.2 ஆகச் சுருங்கும். அனோவா கடைசியில் தரும் எஃப் மதிப்பு 3.2 வந்திருந்தால், 5 சதவீத அளவில் தாண்ட வேண்டிய 2.96-ஐ முதலில் தாண்டியிருக்கும். திருத்திய பிறகு வரம்பு 3.6-க்கு மேலே போய்விடுகிறது, தாண்டாது.

பிப்ரவரி, மே இரண்டை மட்டும் அளந்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. இருப்பது ஒரே ஜோடி, ஒப்பிட வேறு சிதறல் ஏது?